கையில் இல்லாத அதிகாரத்தைக் காட்டி வாக்குக் கேட்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசியல் பேச்சின் தரம் தாழ்ந்துவிட்டது என்று வருந்தி எழுதப்படும் வாசகர் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். மேடையில் ஒருமையில் ஏசுவது, எதிரணியினரின் குடும்பத்தை இழுப்பது, சாதியைச் சொல்லிச் சீண்டுவது ஆகியவற்றைப் பற்றியே அவற்றில் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நீலகிரியில் வாழும் எங்களுக்கு அதைவிடப் பெரிய தீங்கைச் செய்து வருவது வேறொரு வகைப் பொய். தம் கையில் இல்லாத அதிகாரத்தைத் தம் கையில் இருப்பதாகக் காட்டி வாக்குறுதி கொடுப்பதும், வென்ற பிறகு அந்த அதிகாரம் வேறொருவரிடம் இருக்கிறது என்று கைவிரிப்பதும்தான் அந்தப் பொய். கைகூப்பியபடி நல்ல தமிழில் அது சொல்லப்படுவதால், தரக்குறைவான பேச்சு என்ற கணக்கில் அதை யாரும் சேர்ப்பதில்லை. எந்தக் கட்சியின் பெயரையும் இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. இந்த ஒரு விஷயத்தில் கட்சிகளுக்குள் சொல்லத்தக்க வேறுபாடு எதையும் நான் காணவில்லை என்பதே அதற்குக் காரணம்.

கோத்தகிரி வட்டத்தில் சிறு தேயிலைத் தோட்டத்தை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. ‘பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை வாங்கித் தருவேன்’ என்ற பேச்சைக் கேட்காமல் எங்கள் ஊரில் ஒரு தேர்தலும் கடந்து போனதில்லை. சட்டமன்றத்துக்கு நிற்பவரும் அதையே சொல்கிறார், நாடாளுமன்றத்துக்கு நிற்பவரும் அதையே சொல்கிறார், ஊராட்சி ஒன்றிய உறுப்பினர் பதவிக்கு நிற்பவர்கூட அதையே சொல்கிறார். மூவருக்கும் உள்ள அதிகாரம் ஒன்றல்ல என்பது மூவருக்குமே தெரியும்.

தேயிலை, 1953 ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின் வழியாக மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட தொழில். தேயிலை வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தேயிலையின் விலையையும் விநியோகத்தையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அந்தச் சட்டத்தின் 30 ஆவது பிரிவு மத்திய அரசுக்குத்தான் அளித்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டுத் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தொழிற்சாலை தேயிலைத் தூளை விற்றுப் பெறும் தொகையில் கொழுந்து (பச்சைத் தேயிலை) கொடுத்த விவசாயிக்கு உரிய பங்கு சேர வேண்டும். அதற்கான மாதச் சராசரி விலையை வாரியம் அறிவிக்கிறது. அந்த விலையைக் கொடுக்காத தொழிற்சாலையைத் தட்டிக் கேட்க வேண்டியதும் வாரியம்தான். வெளிநாட்டுத் தேயிலைக்கு எவ்வளவு தீர்வை, எந்த நாட்டுடன் என்ன ஒப்பந்தம் என்பதெல்லாம் டெல்லியில் முடிவாகிறது. அப்படியானால் மாநில அரசுக்கு இதில் வேலையே இல்லையா என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவுக் கூட்டமைப்பின் கீழ் உள்ள 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் மாநில அரசின் மேற்பார்வையில் நடப்பவை. அவற்றின் இயந்திரங்களைப் புதுப்பிப்பது, அங்கத்தினருக்குக் கொழுந்துப் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பது, தூளின் தரத்தை உயர்த்துவது, ரேஷன் கடைகளில் விற்கும் ஊட்டி டீயின் அளவைக் கூட்டுவது, விலை அடியோடு சரியும் மாதங்களில் கிலோவுக்கு இவ்வளவு என்று மானியம் அறிவிப்பது ஆகிய அனைத்தும் சென்னையால் முடியக்கூடியவை.

ஆகவே நேர்மையாகப் பேச நினைக்கும் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் எங்கள் ஹட்டிக்கு (மலைக் கிராமத்துக்கு) வந்தால், “விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, கூட்டுறவுத் தொழிற்சாலையில் நிலுவை இல்லாமல் பார்த்துக்கொள்வேன், அதற்கு இன்ன துறையிடம் இன்ன கோரிக்கையை வைப்பேன்” என்று சொல்ல முடியும். நாடாளுமன்ற வேட்பாளர், “மாதச் சராசரி விலைக்குக் குறைவாகக் கொடுக்கும் தொழிற்சாலைகளின் மீது வாரியம் எடுத்த நடவடிக்கைகள் எத்தனை என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்பேன், இறக்குமதித் தீர்வையைப் பற்றிப் பேசுவேன்” என்று சொல்ல முடியும். இவை சிறிய வாக்குறுதிகளாகத் தோன்றலாம். ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து இவற்றைச் சரிபார்க்க எங்களால் முடியும். சரிபார்க்க முடியாதபடி பேசுவதே வசதி என்று கருதப்படுவதால்தான் இருவரும் ‘விலை வாங்கித் தருவேன்’ என்ற பொதுச் சொல்லுக்குள் புகுந்துகொள்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

வென்ற பிறகு நடப்பதை எல்லோரும் அறிவோம். சட்டமன்ற உறுப்பினரிடம் போனால் அது டெல்லி விஷயம் என்கிறார். நாடாளுமன்ற உறுப்பினரிடம் போனால் மாநில அரசின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் கொடுக்கும் விலையைப் பார்த்துத்தான் தனியார் தொழிற்சாலைகளும் விலையைக் குறைக்கின்றன என்கிறார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மையை வாக்குக் கேட்கும்போது ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி. 1990களின் இறுதியில் விலை வீழ்ந்தபோது, ஹட்டிகளில் எத்தனையோ வீடுகளைப் பூட்டிக்கொண்டு இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். சோவியத் ஒன்றியத்தை நம்பியிருந்த ஏற்றுமதிச் சந்தை குலைந்தது, தூளின் தரம் குறைந்தது, இலங்கையுடன் 1998 இல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது என்று அதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் எது எவ்வளவு உண்மை, எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று விவசாயிகளை உட்கார வைத்து விளக்கிய அரசியல் தலைவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 2023 இல் கோத்தகிரி அருகே சிறு விவசாயிகள் குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்த காலத்திலும், மற்ற கட்சியின் ஆட்சியைக் குறை சொல்லும் பேச்சைத்தான் அதிகம் கேட்டோம்.

கூடலூர், பந்தலூர் பகுதி மக்களின் நிலை இதைவிடக் கொடியது. சமவெளியில் உள்ள வாசகர்கள் பலருக்கு அந்த வரலாறு தெரிந்திருக்காது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பெயரில் இருந்த ஜென்மம் நிலங்களை, அதாவது பரம்பரை உரிமை நிலங்களை, அரசு எடுத்துக்கொண்டு, நிலம் வைத்திருப்பவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் இரயத்துவாரி முறைக்கு மாற்றுவதற்காக 1969 இல் தமிழக சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதில் காட்டு நிலங்களை அரசுக்கு மாற்றும் பகுதி செல்லாது என்று 1972 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974 இல் அரசியலமைப்பின் 34 ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டம், நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களுக்குக் காப்பளிக்கும் ஒன்பதாவது அட்டவணையில் வைக்கப்பட்டது. அதையும் எதிர்த்து நடந்த வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24 ஆம் தேதிக்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அளவுகோலாகக் கொண்டு நீதிமன்றம் ஆராயலாம் என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்பு வழங்கியது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் ஐ.ஆர். கொயிலோ வழக்கு, கூடலூர் மண்ணில் பிறந்த வழக்கு. இவ்வளவும் நடந்த பிறகும், தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய, அந்தச் சட்டத்தின் 17 ஆவது பிரிவில் அடங்கும் நிலத்தில் குடியிருப்பவர்கள் பட்டாவுக்காகக் காத்திருக்கிறார்கள். மின் இணைப்பு கேட்டாலும், வீட்டைப் பெரிதாக்க அனுமதி கேட்டாலும், கடன் கேட்டாலும் ‘செக்சன் 17’ என்ற பதில் வருகிறது. அங்கே ஆட்டோ ஓட்டுபவரும் மளிகைக் கடை வைத்திருப்பவரும் பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசும் அளவுக்கு அது அன்றாட வாழ்க்கைக்குள் வந்துவிட்டது.

இந்தச் சிக்கலில் மாநில வருவாய்த் துறை இருக்கிறது, வனத்துறை இருக்கிறது, 1949 ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மத்திய அரசின் 1980 ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. யானைகளும் புலிகளும் நடமாடும் காட்டையும் குடியிருப்பையும் எங்கே பிரிப்பது என்ற கடினமான கேள்வியும் இருக்கிறது. இத்தனையையும் அறிந்த ஒருவர் திறந்த வண்டியில் நின்று, ‘நான் வென்றால் ஒரே ஆண்டில் பட்டா’ என்று முழங்குவதை வெறும் மிகை என்று என்னால் விட்டுவிட முடியாது. அது பொய். ஒரு தலைமுறை அந்தப் பொய்யை நம்பி வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்து, முதுமையும் அடைந்துவிட்டது. மாநில அரசு நில அளவையை முடித்து, குடியிருப்பு நிலம் எது, தோட்ட நிலம் எது, காடு எது என்று தனித்தனியாக வகைப்படுத்தி நீதிமன்றத்தின் முன் வைக்க எத்தனை காலம் ஆகும் என்பதைச் சொல்லக்கூடிய வேட்பாளர் ஒருவர் வந்தால், அவர் எந்தக் கொடியின் கீழ் வந்தாலும் மக்கள் நின்று கேட்பார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

உதகை இந்துநகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் கதையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். 1960 இல் தொடங்கப்பட்டு 1967 இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த மத்தியப் பொதுத்துறை நிறுவனம், இந்த மாவட்டத்தில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பிலிம் சுருளுக்கு எதிர்காலம் இல்லை என்பது உலகம் அறிந்த செய்தி. ஆனாலும் தேர்தலுக்குத் தேர்தல் ‘ஆலையைத் திறப்போம்’ என்று தொழிலாளர்களிடம் சொன்னார்கள். 2014 இல் மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த ஆலையை இனி நடத்த முடியாது, உங்களுக்குச் சேர வேண்டிய தொகையை வாங்கித் தருவதற்கும் வேறு தொழிலை இங்கே கொண்டுவருவதற்கும்தான் நான் பாடுபட முடியும் என்று அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு தலைவர் துணிந்து சொல்லியிருந்தால், எத்தனையோ பேர் தங்கள் பிழைப்பை வேறு வழியில் திருப்பியிருப்பார்கள்.

இத்தகைய பொய்யைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவு, ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட குணத்தையோ நடத்தையையோ பற்றிப் பொய்யென்று தெரிந்தே செய்தி பரப்புவதை ஊழல் நடைமுறை என்கிறது. தேர்தலே செல்லாமல் போகக்கூடும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 175 ஆவது பிரிவும் அதற்கு அபராதம் விதிக்கிறது. வேட்பு மனுவுடன் தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்தையோ வழக்கையோ மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு. வேட்பாளரின் மானத்துக்குச் சட்டத்தில் காவல் இருக்கிறது. வாக்காளரிடம் சொல்லப்படும் பொய் வாக்குறுதிக்கு அப்படி எந்தத் தண்டனையும் இல்லை. தமிழகத்தின் தேர்தல் இலவசங்களை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கைகளில் தரும் வாக்குறுதிகள் 123 ஆவது பிரிவின்படி ஊழல் ஆகாது என்று கூறிவிட்டு, அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அதன்படி தேர்தல் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்ட எட்டாவது பகுதி, வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்கான நிதியை எங்கிருந்து திரட்டுவார்கள் என்பதையும் அறிக்கையில் காட்ட வேண்டும் என்றும், நிறைவேற்றக்கூடிய வாக்குறுதிகளை முன்வைத்தே வாக்காளரின் நம்பிக்கையைக் கோர வேண்டும் என்றும் சொல்கிறது. விதியின் வாசகத்தில் குறை இல்லை. அது சட்டத்தின் வலிமை இல்லாத நடத்தை விதியாக மட்டுமே இருப்பதால், அதை மீறியவருக்கு இழப்பு ஒன்றும் நேர்வதில்லை.

சட்டத்தால் முடியாததை விவாதத்தால் செய்ய முடியும். கேள்விக்கு முன்னால் பொய் நிற்காது. ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடங்களே சுருங்கிக்கொண்டு வருகின்றன. முதலாவது மக்களவை 677 நாட்கள் கூடியது. 2024 இல் முடிந்த பதினேழாவது மக்களவை 274 நாட்களே கூடியது. அந்த மக்களவைக்கு அதன் காலம் முழுவதும் துணைச் சபாநாயகர் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகளைத் தெருவில் உட்கார வைத்த வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா, 2021 நவம்பர் 29 அன்று இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. விவசாயத்தைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த நாளில் அவை பேசவில்லை.

மாநிலத்தின் பங்கும் குறைந்ததல்ல. 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்குப் பிறகு மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோதும் உடனே தேர்தல் நடக்கவில்லை; தனி அலுவலர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இந்த மாவட்டத்தில் 35 கிராம ஊராட்சிகள் உள்ளன. கிராம சபையில் ஒரு விவசாயி எழுந்து தெரு விளக்கைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ கேட்டால், இதற்கு ஊராட்சியில் நிதி இருக்கிறது அல்லது இல்லை, இதை ஒன்றியத்தில்தான் கேட்க வேண்டும் என்று தலைவர் அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். யாருடைய அதிகாரம் எது என்பதை மக்கள் நேரடியாகக் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத கிராம சபையில் அலுவலர் தீர்மானத்தைப் படிக்கிறார், மக்கள் கையெழுத்திடுகிறார்கள், கூட்டம் முடிகிறது.

மிச்சம் இருப்பது தொலைக்காட்சி விவாதம். அதில் அன்று யார் யாரைத் திட்டினார்கள் என்பதே பெரும்பாலும் தலைப்பு. நான்கு கட்சிக்காரர்கள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நெறியாளர் நேரம் முடிந்தது என்கிறார். யானை தாக்கி ஒருவர் இறந்தாலோ, மண் சரிந்து சாலை மூடினாலோ மட்டும் எங்கள் மலை அந்தத் திரையில் தோன்றுகிறது. இதற்கு எண்ணிக்கையும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. 234 சட்டமன்றத் தொகுதிகளில் உதகை, குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று மட்டுமே எங்களுடையவை. நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியிலும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் ஆகிய மூன்று மலைக்கு வெளியே உள்ளவை. எண்ணிக்கையில் சிறிய மக்களிடம் பெரிய வாக்குறுதியைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அதைப் பற்றிப் பின்னர் மாநிலம் முழுவதும் கேள்வி எழாது என்பது சொல்பவருக்குத் தெரியும்.

நம்பிக்கை ஊட்டாமல் அரசியல் நடத்த முடியாது, ஒவ்வொரு சொல்லையும் சட்டப் பிரிவோடு ஒப்பிட்டால் யாரும் மேடை ஏற முடியாது என்று சில நண்பர்கள் என்னிடம் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. “இதற்காகப் போராடுவேன், முடிவு வேறிடத்தில் இருக்கிறது” என்று சொல்வதிலும் நம்பிக்கை இருக்கிறது. கேட்பவரை அறிவுள்ளவராக மதிக்கும் பண்பும் இருக்கிறது. சட்டமன்றத்துக்குள் அமைச்சர் ஒருவர் கொடுக்கும் உறுதிமொழி நிறைவேறியதா என்று பார்ப்பதற்கு அரசு உறுதிமொழிக் குழு என்ற ஒரு குழுவே இருக்கிறது. அவைக்குள் சொன்ன சொல்லுக்குக் கணக்கு உண்டு என்றால், அந்த அவைக்குள் போவதற்காக வெளியே சொன்ன சொல்லுக்கும் கணக்கு இருந்தாக வேண்டும்.

அந்தக் கணக்கைத் தங்களைப் போன்ற நாளிதழ்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். வேட்பாளர் எந்த ஊரில் எந்த வண்டியில் வந்தார், யார் மாலை அணிவித்தார் என்ற செய்திக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியையாவது வேறு செய்திக்குத் தாருங்கள். தேயிலை விலை, பிரிவு 17 நிலம், யானை வழித்தடம், கூடலூர் மருத்துவமனை என்று மலையின் ஒவ்வொரு பிரச்சினைக்கும், அதில் முடிவெடுக்கும் அதிகாரம் எந்த அலுவலகத்திடம் அல்லது நீதிமன்றத்திடம் இருக்கிறது என்பதையும், சென்ற தேர்தலில் வென்றவரும் தோற்றவரும் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும், வென்றவர் அதற்காக அவையில் கேட்ட கேள்விகள் எவை என்பதையும் வெளியிடுங்கள். நாடாளுமன்றக் கேள்விகளும் பதில்களும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. சட்டமன்ற நடவடிக்கைகளும் அச்சிடப்படுகின்றன. தங்கள் செய்தியாளர்கள் வேட்பாளரைச் சந்திக்கும்போது, ‘இதைச் செய்யும் அதிகாரம் நீங்கள் போட்டியிடும் பதவிக்கு உண்டா?’ என்ற கேள்வியை முதலில் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிட்டால் போதும். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்று அச்சிடுங்கள்.

எங்கள் வட்டத்தில் கடந்த தேர்தல்களில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட துண்டறிக்கைகளில் பலவற்றை, எல்லாக் கட்சிகளுடையதையும், நான் பாதுகாத்து வைத்திருக்கிறேன். தங்கள் நிருபர் கேட்டால் படி எடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.